மசாய் மாரா சஃபாரி: ஊரிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

நைரோபியில் வேலை என்று சொன்னாலே போதும், அடுத்த கேள்வி மசாய் மாராவைப் பற்றித்தான் வரும். சித்தப்பா, பள்ளி நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன். கட்டணங்கள் 2024இல் மாற்றப்பட்டவை. பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மசாய் மாராவும் செரங்கெட்டியும் ஒண்ணுதானா, வேற வேறயா?

புல்வெளி ஒன்று, நாடு இரண்டு. எல்லைக்குத் தெற்கே தான்சானியாவில் இருப்பது செரங்கெட்டி தேசியப் பூங்கா, 14,763 சதுர கிலோமீட்டர். வடக்கே கென்யாவின் நாரோக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருப்பது மசாய் மாரா தேசிய ரிசர்வ், அதாவது காப்பகம், சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நடுவில் வேலி கிடையாது, விலங்குகள் தாராளமாகப் போய்வரும். நாம் அப்படிப் போக முடியாது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

மாராவுக்குள்ளேயே இரண்டு நிர்வாகங்கள் உண்டு. மாரா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பெரும்பகுதியைக் கவுண்டி அரசு பார்த்துக்கொள்கிறது. ஆற்றுக்கு மேற்கே இருக்கும் ‘மாரா முக்கோணம்’ 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற லாபநோக்கில்லா அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. முக்கோணத்தில் கூட்டம் கொஞ்சம் குறைவு, கண்காணிப்பும் கறார். எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதுமலை மாதிரி வாசல்ல டிக்கெட் வாங்கி வனத்துறை வண்டியில ஏறிப் போயிட முடியாதா?

முடியாது. தெப்பக்காட்டில் இருப்பதுபோல அரசு வண்டி இங்கே இல்லை. வண்டி, ஓட்டுநர், தங்குமிடம் மூன்றையும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டுதான் வர வேண்டும். வாசலில் கிடைப்பது நுழைவுச்சீட்டு மட்டும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வில்டபீஸ்ட் (மாட்டைப் போலிருக்கும் பெரிய மானினம்) கூட்டம் தெற்கிலிருந்து மாராவுக்கு வருவது பொதுவாக ஜூலையில். அக்டோபர் வரை இருக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சி இந்த மாதங்களில்தான். பயணிகள் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

சிங்கம், யானை, சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி எல்லாம் மாராவிலேயே வருடம் முழுக்க வாழ்பவை. அவற்றுக்காக ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி அருமையான மாதங்கள்: புல் குட்டை, வானம் தெளிவு, நுழைவுக் கட்டணம் பாதி. ஜூனும் மோசமில்லை, ஆனால் நீண்ட மழைக்குப் பிறகு புல் இடுப்புயரம் நிற்கும். பக்கத்தில் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது. மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழைக் காலம். சில முகாம்கள் மூடிவிடுவார்கள், திறந்திருப்பவை மலிவாகக் கிடைக்கும். சேற்றுக்குப் பயப்படாதவர்கள் வரலாம்.

பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடிதான் வர முடியும் என்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் ஏப்ரல்–மே லீவும் இங்கே பெருமழையும் ஒன்றாக வரும். மே கடைசி வாரம் பரவாயில்லை.

ஆகஸ்ட்ல வந்தா அந்த ஆறு தாண்டுற சீன் கண்டிப்பா பாக்கலாமா?

கண்டிப்பு என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போகும் கூட்டம் அது. நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்குப்படி சுமார் 13 லட்சம் வில்டபீஸ்டும், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வரிக்குதிரைகளும் அதில் சேர்த்தி. எந்த வாரம், எந்தத் துறையில் இறங்கும் என்பது ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த மசாய் வழிகாட்டிக்கும் தெரியாது.

கரையில் நடப்பது இதுதான். ஆயிரக்கணக்கில் வந்து மேட்டில் குவியும். முன்னால் நிற்பவை சரிவில் இறங்கித் தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னால் இருப்பவை நெருக்கித் தள்ளும். ஒரு வரிக்குதிரை குரல் கொடுத்தால் போதும், அத்தனையும் புழுதி கிளப்பிக்கொண்டு மேலே ஓடிவிடும். அரை மணி கழித்து மறுபடி வந்து நிற்கும். இப்படி மூன்று நான்கு மணி நேரம் போக்குக் காட்டிவிட்டு மேயப் போய்விடுவதும் உண்டு. ஒன்று குதித்துவிட்டால் அப்புறம் யாராலும் தடுக்க முடியாது, வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். எல்லோரும் முதலையைத்தான் எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் முதலை வாயில் போவதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதுதான் மிக அதிகம்.

ஒரே கூட்டம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பலமுறை போய்வரும் என்பதால், நான்கு நாள் இருப்பவருக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஒரே ஒரு பகல் வைத்திருப்பவருக்கு அது லாட்டரிதான்.

நைரோபியிலேர்ந்து ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

சாலையில் போக ஐந்து ஆறு மணி நேரம், வரவும் அவ்வளவே. நடுவில் என்ன மிஞ்சும்? விட்டுவிடுங்கள். குறைந்தது மூன்று இரவுகள். உண்மையிலேயே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நைரோபி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 117 சதுர கிலோமீட்டர், நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. சிங்கம், காண்டாமிருகம், காட்டெருமை எல்லாம் உண்டு. பின்னணியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிய, முன்னால் ஒட்டகச்சிவிங்கி நிற்கும் படம் அங்கேதான் கிடைக்கும். யானைக்கூட்டம் மட்டும் அங்கே கிடையாது.

இன்னொரு வகையினர் உண்டு. ஏழு நாளில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, சம்புரு, மாரா என்று ஐந்து இடம் போட்டுக்கொண்டு வருவார்கள். கணக்குப் பார்த்தால் பாதிப் பயணம் நெடுஞ்சாலையில் போய்விடும். ஏழு நாள் என்றால் இரண்டு இடம் போதும். மாராவில் நான்கு, மற்றதில் இரண்டு, நைரோபியில் ஒன்று.

நுழைவுக் கட்டணம் 200 டாலர்ங்கறாங்களே, அது குடும்பத்துக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. அதுவும் ஒரு நாளைக்கு. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். 9 முதல் 17 வயதுவரை 50 டாலர், அதற்குக் கீழ் இலவசம்.

அதைவிட முக்கியமான விஷயம், சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான், காலை 6 முதல் மாலை 6 வரை. முன்பு 24 மணி நேரம் செல்லும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரிசர்வுக்குள்ளேயே தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம்.

அப்படின்னா வாசலுக்கு வெளியே தங்கினா மிச்சமாகுமா?

திட்டம் போடத் தெரிந்தால் ஆகும். தெரியாவிட்டால் உள்ளே தங்குவதைவிட அதிகமாகவே ஆகும்.

மூன்று இரவு கணக்கை எடுத்துக்கொள்வோம். செக்கனானி வாசலுக்கு வெளியே தங்குகிறீர்கள். முதல் நாள் மூன்று மணிக்கு வந்து சேர்ந்து, நான்கு மணிக்கு ‘மாலை சஃபாரி’ என்று உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழுச் சீட்டு. அடுத்த இரண்டு நாள் இரண்டு சீட்டு. கிளம்பும் நாள் காலையில் ஒரு சுற்று என்றால் இன்னொன்று. மொத்தம் நான்கு. ஆகஸ்டில் கணவன் மனைவி இருவருக்கு 1,600 டாலர். முதல் நாள் மாலையை மசாய் கிராமத்துக்கு ஒதுக்கி, கடைசி நாள் காலை உணவோடு கிளம்பிவிட்டால் இரண்டே சீட்டு, 800 டாலர். நடுவில் உள்ள இரண்டு நாளும் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போய், ஆறு மணிக்கு வெளியே வந்தால் கொடுத்த காசு வசூல்.

உள்ளே தங்கினால் மூன்று இரவுக்கு மூன்று சீட்டு. முகாம் வாடகை கூடுதல். ஆனால் விடியும்போது வாசல் வரிசையில் நிற்காமல் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். பணம் இருந்தால் அதுதான் மேல்.

கன்சர்வன்சி கன்சர்வன்சின்னு ஒரு விலை போடறாங்க. அது என்ன தனியா?

மாரா ரிசர்வைச் சுற்றி மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, வேலி போடாமல், விவசாயம் செய்யாமல், காட்டுயிர்களுக்கென்று முகாம்களுக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாடுதான் கன்சர்வன்சி. (மாரா முக்கோணத்தைப் பார்த்துக்கொள்ளும் ‘மாரா கன்சர்வன்சி’ வேறு, பெயர்தான் ஒன்று.) மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ ஆகியவை பெயர்பெற்றவை. 2010இல் தொடங்கிய நபோய்ஷோவில் சுமார் 500 நிலக்காரர்கள் இருக்கிறார்கள். விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப் பணம் போய்ச் சேர்ந்துவிடும்.

ரிசர்வில் முடியாத மூன்று விஷயங்கள் இங்கே முடியும்: இரவுச் சவாரி, வழிகாட்டியோடு நடந்து போவது, தடத்தை விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது. அங்கே தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால் கூட்டம் கிடையாது. மாரா நதி கன்சர்வன்சிகளுக்குள் பெரிதாக வராது. ஆறு தாண்டும் காட்சிக்கு ஒரு நாள் ரிசர்வுக்குள் போக வேண்டும், அதற்கு மேலே சொன்ன சீட்டு தனி. முதல்முறை வருபவர்களுக்கு இரண்டு இரவு கன்சர்வன்சி, இரண்டு இரவு ரிசர்வ் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன்.

ரோட்ல போறதா, குட்டி விமானத்துலயா?

இப்போது நாரோக் வழியாகச் செக்கனானி வாசல் வரை தார்ச்சாலை இருக்கிறது. வழியில் மாய் மஹியூ இறக்கத்தில் பிளவுப் பள்ளத்தாக்கு மொத்தமும் கண்முன் விரியும். அதற்காகவே ஒருமுறை சாலையில் போகலாம். வாசலைத் தாண்டினால் மண்பாதைதான். குலுங்கலை இங்கே ஓட்டுநர்கள் ‘ஆப்பிரிக்கன் மசாஜ்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். முதுகுவலிக்காரர்களுக்குச் சிரிப்பு வராது.

விமானம் என்றால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது ஜோமோ கென்யாட்டா சர்வதேச விமான நிலையத்திலிருந்து போகாது, வில்சன் விமான நிலையத்திலிருந்து போகும். நைரோபி டிராஃபிக்கில் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். இரண்டு, ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் வைத்த பெட்டியில் இல்லை, மடங்கும் துணிப்பையில். ஊறுகாய் ஜாடியெல்லாம் யோசித்து எடுத்துவையுங்கள்.

வேன் போதுமா, லேண்ட் குரூசர்தான் வேணுமா?

லேண்ட் குரூசர். மழை பெய்தால் மாராவின் கரிசல் மண் சக்கரத்தை விடவே விடாது. கூரை திறக்கும் வேன் காய்ந்த மாதங்களில் ஓடும், செலவும் குறைவு. ஆனால் ஏழு பேரை அடைத்துக்கொண்டு போனால் ஒரு சிறுத்தைக்கு ஏழு தலைகள் முட்டிக்கொள்ளும். ‘ஆளுக்கு ஒரு ஜன்னல் ஓர இருக்கை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நானே வாடகைக் கார் எடுத்து ஓட்டிட்டு வரலாமா? லெஃப்ட் ஹேண்ட் டிரைவிங்தானே?

ஆமாம், நம்மூர்போலச் சாலையின் இடப்பக்கம்தான். சட்டப்படி தடையும் இல்லை. ஆனால் உள்ளே வழிகாட்டிப் பலகைகள் குறைவு, பல இடங்களில் சிக்னல் இல்லை, சேறு பற்றிச் சொல்லிவிட்டேன். முக்கியமாக, விலங்கைக் கண்டுபிடிக்கும் கண் நமக்குக் கிடையாது. மற்ற ஓட்டுநர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வதும் நமக்குக் கேட்காது. சுய ஓட்டுதலுக்கு ஆசைப்பட்டால் தென்னாப்பிரிக்காவின் குருகர் பூங்காதான் அதற்குத் தோது.

விசா வேண்டாம்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

ஜனவரி 2024 முதல் விசா என்ற பெயர் போய்விட்டது, வேலை போகவில்லை. அதற்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி, சுருக்கமாக இடிஏ. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கட்டணம் 30 டாலரை ஒட்டி. விமானச் சீட்டும் தங்குமிட உறுதியும் கேட்பார்கள். இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கென்ய அரசின் தளம்போலவே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், கவனம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலன்னா கென்யாக்காரன் விடமாட்டானா?

பிரச்சினை இங்கே அல்ல, திரும்பும்போது. இந்தியாவிலிருந்து நேராக வருபவர்களிடம் கென்யா பொதுவாக அதைக் கேட்பதில்லை. ஆனால் கென்யாவிலிருந்து இந்தியாவில் இறங்கும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்தில் போட்டுக்கொண்டு வருவதில் அர்த்தமில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டால்தான் அட்டை கிடைக்கும், தெருமுனை கிளினிக்கில் போட்டது கணக்கில் வராது.

அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவை அழைத்து வருபவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசி, அந்த வயதில் யோசித்துத்தான் போடுவார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

மலேரியா மாத்திரை அவசியமா? நம்ம ஊர்லயும்தான் கொசு இருக்கு.

இங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, உயிருக்கே ஆபத்தானது. மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் கடற்கரையை விடக் கொசு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எந்த மாத்திரை என்பதை மருத்துவர் சொல்லட்டும். எதுவானாலும் ஊர் திரும்பிய பிறகும் சில நாள், சிலவற்றை நான்கு வாரம், தொடர வேண்டும். பாதியில் நிறுத்தாதீர்கள். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கா வெயில் தாங்குமா? காட்டன் போதும்தானே?

போதாது. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி, அதில் கூரை திறந்த வண்டியில் காற்று. ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா இரண்டும் கட்டாயம். பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். நிறம் மண்ணோடு ஒட்டிப்போகட்டும். அடர் நீலமும் கறுப்பும் கடிக்கும் செட்ஸி ஈக்களை இழுக்கும். ராணுவ உடைபோல அச்சிட்ட துணி கென்யாவில் பொதுமக்கள் அணியக் கூடாது, பையன்களின் பேன்ட்டைக்கூடப் பார்த்து எடுத்துவையுங்கள்.

பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2017 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்கத் தடை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில் 2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஆகாது. எவர்சில்வர் பாட்டில் ஒன்று கொண்டுவந்தால் முகாமில் நிரப்பித் தருவார்கள்.

மாமியார் முட்டைகூடத் தொடமாட்டாங்க. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கவலையே வேண்டாம். குஜராத்திகள் தலைமுறைகளாக வாழும் நாடு இது. 2017இல் கென்ய ஆசியர்களை நாட்டின் 44ஆவது இனக்குழுவாக அரசே அறிவித்தது. சைவம் என்றால் என்ன என்று முகாம் சமையல்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சப்பாத்தி இங்கே உள்ளூர்ச் சாப்பாடு. சுகுமா விக்கி என்று ஒரு கீரைப் பொரியல், தேங்காய்ப்பாலில் வேகவைத்த பீன்ஸ், சோளமும் பயறும் சேர்ந்த கிதேரி எல்லாம் நம் நாக்குக்கு ஒத்துவரும். தயிருக்குப் பதில் மஸிவா லாலா என்ற புளித்த பால் கிடைக்கும், மோர்சாதத்துக்குத் தாராளமாகப் போதும். முன்பதிவிலேயே ‘முட்டையும் கூடாது’ என்று எழுதிவிடுங்கள். பருப்புப்பொடி கொண்டுவந்தால் உங்களுக்கு நிம்மதி.

சிங்கம் ஜீப்புக்குள்ள பாய்ஞ்சிடாதா? ராத்திரி டென்ட்டுக்கு வந்துட்டா?

சிங்கம் வண்டியை, உள்ளே உட்கார்ந்திருக்கும் தனித்தனி ஆட்களாகப் பார்ப்பதில்லை, ஒரே பெரிய உருவமாகப் பார்க்கிறது. நீங்கள் எழுந்து நின்று கை நீட்டினாலோ, கீழே இறங்கினாலோ அந்த உருவம் உடைந்துபோகும். அதனால்தான் இறங்கக் கூடாது என்று கறாராகச் சொல்வார்கள். இயற்கை உபாதைக்குக்கூட ஓட்டுநர் இடத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே இறங்க வேண்டும்.

முகாமுக்குள் இரவில் நீர்யானையும் யானையும் நடப்பது சகஜம். இருட்டியபின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக டார்ச்சடித்தால் ‘அஸ்காரி’ என்ற காவலாள் வந்து கூட்டிப்போவார். தனியாக நடக்காதீர்கள். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடிக்கொண்டால் தூங்கலாம், கழுதைப்புலி கத்தினால் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

பெரியவங்களும் சின்னப் பசங்களும் வந்தா சமாளிக்க முடியுமா?

முடியும், தனி வண்டி எடுத்தால். பகிர்ந்துகொள்ளும் வண்டியில் ஐந்து வயதுக் குழந்தை நான்கு மணி நேரம் சும்மா இருக்காது, மற்றவர்கள் முறைப்பார்கள். பெரியவர்களை நடு இருக்கையில் உட்கார வையுங்கள், பின்சக்கரத்துக்கு மேல் வேண்டாம்.

பிக் ஃபைவ் அஞ்சையும் காட்டிடுவாங்களா?

சிங்கம், யானை, காட்டெருமை மூன்றும் மூன்று நாளில் ஏறக்குறைய நிச்சயம். சிறுத்தைக்குப் பொறுமை வேண்டும். டாலெக் ஆற்றோர மரங்களில் வால் தொங்குகிறதா என்று தேட வேண்டும். ரேடியோவில் ‘சூயி’ என்று காதில் விழுந்தால் சிறுத்தை, ‘டுமா’ என்றால் சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. கறுப்புக் காண்டாமிருகம் மாராவில் மிகச் சிலவே உள்ளன. அது கட்டாயம் வேண்டுமென்றால் நகுரு ஏரியோ ஓல் பெஜெட்டா காப்பகமோ சேர்த்துக்கொள்ளுங்கள். உலகில் மிஞ்சியிருக்கும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜின், ஃபாட்டு இரண்டும் ஓல் பெஜெட்டாவில்தான் இருக்கின்றன. இரண்டும் பெண்.

இந்த ஐந்து என்பது, நடந்து போய் வேட்டையாடக் கடினமானவை என்று துப்பாக்கிக்காரர்கள் போட்ட பட்டியல். கென்யாவில் 1977இலேயே வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. பட்டியலை மட்டும் இன்னும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதில் சிவிங்கிப்புலிக்கே இடமில்லை!

டிரைவருக்கு எக்ஸ்ட்ரா காசு குடுத்தா கிட்டக்கப் போவாரா?

சிலர் போவார்கள். கேட்காதீர்கள். விதிப்படி ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ரிசர்வில் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. பிடிபட்டால் அபராதம், மாட்டிக்கொள்வது ஓட்டுநர்.

விதியை விடுங்கள், விளைவைப் பாருங்கள். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு, நாம் சுற்றும் அதே நேரம். 2018இல் வெளியான மாரா ஆய்வு ஒன்றில், சுற்றுலா வண்டிகள் மிக அதிகமான இடங்களில் ஒரு ஈற்றில் சராசரியாக 0.2 குட்டியும், குறைவான இடங்களில் 2.3 குட்டியும் வளர்ந்து தனித்துப் போகும் நிலையை எட்டின. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். பத்து வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தால் ‘வேண்டாம், வேறு பக்கம் போகலாம்’ என்று நீங்களே சொல்லுங்கள். ஓட்டுநர் உள்ளூரச் சந்தோஷப்படுவார், அங்கே ஓடினால்தான் டிப்ஸ் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஓடுகிறார்கள்.

டிரோன், பெரிய லென்ஸ் எல்லாம் கொண்டுவரலாமா?

டிரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். லென்ஸ் 400 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு பைனாகுலர் போதும். ஆளுக்கொன்று இருக்கட்டும், ஒன்றை நான்கு பேர் பிடுங்கிக்கொள்வது வேண்டாம். பிளக் மூன்று சதுர முனை வகை. கூடாரத்தில் மின்சாரம் சில மணி நேரம் மட்டுமே இருக்கும், பவர்பேங்க் வேண்டும்.

மசாய் கிராமம்னு கூட்டிட்டுப் போறாங்களே, அது வேஷம்தானே?

குதித்து ஆடுவது நமக்காக ஆடுவதுதான், அதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் சாணமும் மண்ணும் பூசிய அந்த வீடுகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள், மாடுகள் அவர்களுடையவை. கட்டணத்தை முன்பே பேசி, கிராமத்தின் கையில் நேராகக் கொடுங்கள். சிங்கத்தால் மாட்டை இழப்பது எப்படியிருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் மார்ஷ் பிரைடு என்ற பெயர்பெற்ற சிங்கக் குடும்பத்துக்கு விஷம் வைக்கப்பட்டது மாடு பறிபோன ஆத்திரத்தில்தான். மேலே சொன்ன குத்தகைப் பணம் எதற்கு என்பது அப்போது புரியும்.

பலூன் சவாரிக்கு அவ்வளவு காசு தகுமா?

ஆளுக்கு 450 டாலருக்கு மேல், சுமார் ஒரு மணி நேரம், விடிகாலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் இன்னும் ஒரு நாள் தங்கலாம் என்றால் நான் நாளைத்தான் எடுப்பேன். முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம், இறங்கும்போது கூடை சாய்ந்து இழுபடும்.

ரெண்டு ஏஜென்ட்டுக்கு நடுவுல விலை பாதிக்குப் பாதி வித்தியாசம். எவன் ஏமாத்தறான்?

இருவருமே ஏமாற்றாமல்கூட இருக்கலாம், வேறுவேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நுழைவுச்சீட்டு சேர்த்தி? முகாமின் பெயர் என்ன, வாசலுக்கு உள்ளேயா வெளியேயா, வெளியே என்றால் வாசலுக்கு எத்தனை நிமிடம்? (‘மாரா’ என்று பெயர் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருப்பவையும் உண்டு.) வண்டி தனியா பகிர்வா? தினம் எத்தனை மணி நேரம் ஓடும்? ஓட்டுநருக்குக் கேபிஎஸ்ஜிஏ என்ற வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கலம் (புரோன்ஸ்), சில்வர், கோல்டு தகுதியில் எது? சில்வர் வழிகாட்டி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். கூடாரத்தின் கட்டிலும் திரைச்சீலையும் அவரைவிட முக்கியமில்லை.

டிப்ஸ் விலையில் சேராது. வழிகாட்டிக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர், கடைசி நாள் கையில் கொடுப்பது வழக்கம். பழைய, கிழிந்த டாலர் நோட்டை இங்கே வாங்கமாட்டார்கள்.

மாராவுக்கு வந்துட்டு அப்படியே பார்டரைத் தாண்டி செரங்கெட்டியும் பாத்துடலாமா?

வரைபடத்தில் அரை மணி தூரம்போலத்தான் தெரியும். ஆனால் மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் நடுவில் சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லை வாசல் கிடையாது. மேற்கே இசெபானியா வரை போய், அங்கே கென்யாவிலிருந்து வெளியேறி, அந்தப் பக்கம் சிராரியில் தான்சானியாவுக்குள் நுழைய வேண்டும். கென்ய வண்டியை எல்லையில் விட்டுவிட்டுத் தான்சானிய வண்டிக்கு மாறிக்கொள்ள வேண்டும். ஒரு முழுப் பகல் போய்விடும். தான்சானியாவுக்கு விசா தனி, பூங்காக் கட்டணம் தனி, மஞ்சள் அட்டையை அந்த எல்லையில் கேட்பார்கள்.

பத்து நாளுக்கு மேல் இருந்தால் செய்யுங்கள். அதற்குக் குறைவு என்றால் எந்த மாதம் வருகிறீர்களோ அதை வைத்து ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரியில் வில்டபீஸ்ட் குட்டி போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தான்சானியாவின் ண்டுட்டு (Ndutu) பகுதிக்குப் போங்கள், மாராவில் அப்போது அவை இருக்காது. ஆகஸ்ட் என்றால் மாரா.